இறக்கை வைத்த பையனைப் பற்றி, பெற்றோர்-ஆசிரியர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி

மதிப்புக்குரிய கழக உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசுவதற்கு எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தீர்கள். அதில் ஒன்றரை நிமிடத்தை மைக்கின் கரகரப்பு எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த அரை நிமிடத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது: "இந்தப் புத்தகத்தை இங்கே யாராவது படித்தீர்களா?" பதில் இல்லை. அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டீர்கள். அன்று சொல்ல முடியாமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததை இங்கே இறக்கி வைக்கிறேன். பள்ளியின் பெயரையோ எவருடைய பெயரையோ எழுதப்போவதில்லை. படிப்பவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியை நினைத்துக்கொண்டு படிக்கலாம்; அதிகம் மாறாது.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று ஆண்டுகளாக உங்கள் பிள்ளைகளின் நூலகப் பாடவேளையைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு நான் "தமிழ் மிஸ்". நூலகம் என்றால் இரண்டு பீரோ, ஒரு நீள மேசை, மழை வந்தால் நகர்த்தி வைக்க வேண்டிய ஒரு கண்ணாடி அலமாரி.

நடந்தது இதுதான். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பையில் ஓர் ஆங்கில நாவல் கிடைத்தது. பழுப்புக் காகித அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, லேபிளில் அழகான கையெழுத்தில் "சமூக அறிவியல்" என்று எழுதியிருந்தாள். காகிதத்தைக் கிழித்தால் உள்ளே கறுப்பு அட்டை. அதில் சட்டையில்லாத ஒரு பையன், முதுகில் கரிய இறக்கைகள், சுற்றிலும் உதிர்ந்த இறகுகள். பெங்களூரில் கல்லூரியில் படிக்கும் அவளுடைய சித்தி மகள் பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கொடுத்தது. நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே இன்னும் முப்பது பிரதி கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி வந்துவிடும்.

கூட்டத்தில் அதை மேசைமேல் அட்டை தெரியாதபடி கவிழ்த்து வைத்திருந்தீர்கள். ஐம்பது பெரியவர்கள் நாற்பது நிமிடம் ஒரு கவிழ்ந்த புத்தகத்தைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மூன்று தீர்மானங்கள். இத்தகைய கதைப் புத்தகங்கள் வளாகத்துக்குள் வரக்கூடாது. வாரம் ஒருமுறை பைகளைச் சோதிக்க வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நூலகப் பாடவேளையை எடுத்துவிட்டுத் தேர்வுப் பயிற்சி வைக்க வேண்டும்.

மூன்றாவது தீர்மானம் எனக்கான சீட்டு என்பது புரிகிறது. அதற்காக இந்த மடல் இல்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

நீங்கள் அறியாத ஒன்று உண்டு. கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அறிக்கை தரச் சொல்லி அந்தப் புத்தகத்தை நிர்வாகம் என்னிடம் கொடுத்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழையபேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். என் ஆங்கிலம் மாட்டுவண்டி ஆங்கிலம். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடும். அறிக்கையும் எழுதினேன். அது கூட்டத்தில் வாசிக்கப்படவில்லை.

கதையைச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். பதினாறு வயதுப் பெண். அவள் வாயிலாகவே கதை நகர்கிறது. வகுப்புக்குப் புதிதாக ஒருவன் வருகிறான். அழகன், அதிகம் பேசாதவன், எங்கிருந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாது. அவன் முதுகில் இரண்டு நீளமான தழும்புகள். பாதிப் புத்தகத்தில்தான் தெரிகிறது, அவை இறக்கைகள் பிடுங்கப்பட்ட இடம் என்று. அவன் வானத்திலிருந்து தள்ளப்பட்ட தேவதூதன். வயது சில நூறு ஆண்டுகள். திரும்ப மேலே போக வேண்டுமானால் அவன் ஒரு விலை கொடுக்க வேண்டும். இங்கேயே மனிதனாகிவிட வேண்டுமானால் வேறொரு விலை. இரண்டு கணக்கிலும் அந்தப் பெண்ணின் உயிர் மாட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் நல்லவனைப் போன்ற இன்னொரு பையன். முடிவில் முத்தம் ஒன்று. அடுத்த பாகத்துக்கான கதவு ஒன்று. நீங்கள் கற்பனை செய்துகொண்டது எதுவும் அதில் இல்லை என்பதை ஏமாற்றத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த வகைக் கதைகள் அமெரிக்காவில் 2009, 2010, 2011 ஆண்டுகளில் அலையாக வந்தன. அதற்குச் சற்று முன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ரத்தக்காட்டேரி ஒருவனின் காதல் கதை உலகமெங்கும் விற்றுத் தீர்ந்திருந்தது. காட்டேரிகள் அலுத்ததும் பதிப்பாளர்கள் தேவதூதர்கள் பக்கம் திரும்பினார்கள். வியாபாரம்தான். நம் ஊரில் ஒருவர் தோத்தாபுரி வைத்து லாபம் பார்த்தால் அடுத்த தோட்டமும் தோத்தாபுரி ஆகவில்லையா? அதுபோல.

இனி உங்கள் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். முதலில் எழுந்த பெரியவர் இது மதம் மாற்றும் புத்தகம் என்றார். அவர் உட்கார்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, தாங்கள் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் என்றும், இது சாத்தானின் புத்தகம் என்றும், தங்கள் பிள்ளை இதைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். இருவரும் ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்கினீர்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டிருந்தாலே பாதி வழக்கு அங்கேயே தள்ளுபடி ஆகியிருக்கும்.

அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்: ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளின் அழகைக் கண்டு அவர்களை மணந்ததாகச் சில வரிகள் உண்டு. அந்நாட்களில் இராட்சதர் பூமியில் இருந்ததாகவும், அந்தப் பிள்ளைகள் பேர்பெற்ற பலவான்கள் ஆனதாகவும் நம் பழைய தமிழ் வேதாகமம் சொல்கிறது. அவ்வளவோடு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தச் சில வரிகளைப் பிடித்துக்கொண்டு பெரிதாக விரித்த பழைய யூத நூல் ஒன்று ஏனோக்கின் பெயரில் இருக்கிறது. எத்தியோப்பிய, எரித்திரியத் திருச்சபைகள் மட்டும் அதை வேதமாக வைத்துக்கொண்டன. மற்ற பெரிய திருச்சபைகள் ஒதுக்கிவிட்டன. 1947 முதல் சாக்கடலை ஒட்டிய குகைகளில் கிடைத்த ஏடுகளில் அதன் துண்டுகளும் இருந்தன. அதன்படி, இருநூறு தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். பெண்களை மணக்கிறார்கள். அசாசேல் என்பவன் ஆண்களுக்கு வாள் செய்யவும், பெண்களுக்கு நகை செய்யவும் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான். வாளும் கண்மையும் ஒரே வாத்தியாரிடமிருந்து வந்தவை! இதை வகுப்பில் சொன்னபோது பின்பெஞ்சுப் பெண்கள் நால்வர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பள்ளியில் மை இடத் தடை இருப்பது எனக்கும் நினைவுக்கு வந்தது. பார்க்காதவள்போல் இருந்துவிட்டேன்.

என்னை அந்த நூலில் நிறுத்தி வைத்தது வேறொன்று. அந்தத் தூதர்களுக்கு அதில் உள்ள பெயரே "விழித்திருந்து பார்ப்பவர்கள்" என்பதுதான். நம் தானியேல் ஆகமத்தில் வானத்திலிருந்து இறங்கி வருபவனைக் "காவலாளன்" என்று மொழிபெயர்த்திருப்பதும் அதே சொல்லைத்தான். அவர்களுக்குக் கொடுத்த வேலை காவல். அந்த வேலையை விட்டுவிட்டுப் பார்வையிலேயே விழுந்தவர்கள். இந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிறேன்.

முதலில் எழுந்த பெரியவருக்கு: ஐயா, வானத்திலிருந்து விழுந்தவர்களின் காதல் கதை வெளியூர்ச் சரக்கு என்று நினைத்துவிட்டீர்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை உங்கள் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்திரன் சபையில் ஊர்வசியும் இந்திரன் மகன் சயந்தனும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் ஆட்டம் தவறுகிறது. அகத்தியர் சாபத்தில் அவள் மண்ணில் நாடகக் கணிகையாகப் பிறக்கிறாள். அவன் விந்திய மலையில் மூங்கிலாக முளைக்கிறான். அந்த மூங்கில்தான் மேடையில் தலைக்கோல். ஒருத்தி ஆடிக்கொண்டே இருக்க, அவளை விரும்பியவன் கோலாக அதே மேடையில் நிற்கிறான். இந்த ஒரு படிமத்துக்கு ஈடாக அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் கூட்டினாலும் ஒன்றும் தேறாது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மணிமேகலையில் காயசண்டிகை வருகிறாள். வானில் பறக்கும் விஞ்சையர் குலப் பெண். பொதிய மலைப் பக்கம் ஓர் ஆற்றங்கரையில், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பழுக்கும் நாவல் கனியைத் தெரியாமல் காலால் சிதைத்துவிடுகிறாள். அதை உண்ணக் காத்திருந்த முனிவர் சபிக்கிறார். வானில் செல்லும் மந்திரம் போய்விடுகிறது. தீராத பசி வந்துவிடுகிறது. புகார் நகரத்தின் தெருக்களில், இறக்கை ஒடிந்தவளைப் போலத் திரிகிறாள். கணவன் காஞ்சனன் ஆண்டுக்கொருமுறை இந்திர விழாவின்போது வானத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறான். இதைவிடத் துக்கமான காதல் கதையை எந்த வெளிநாட்டுப் பதிப்பாளர் வைத்திருக்கிறார்?

அந்தக் கதை எப்படி முடிகிறது என்று உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. மணிமேகலையின் அமுதசுரபிச் சோற்றில் காயசண்டிகையின் பசி தீர்கிறது. அவள் பறந்து போய்விடுகிறாள். அவள் உருவத்தை மணிமேகலை எடுத்துக்கொண்டிருப்பது காஞ்சனனுக்குத் தெரியாது. தன் மனைவிதான் என்று நினைத்து, அவள் பின்னால் அலையும் சோழ இளவரசன் உதயகுமரனை மறைந்திருந்து கவனிக்கிறான். நள்ளிரவில் உதயகுமரன் உள்ளே நுழைந்ததும் வாளால் வெட்டிப் போடுகிறான். மறைந்திருந்து பார்ப்பவனைச் சாத்தனார் காதலன் என்று கொண்டாடவில்லை. கொன்ற வினை உன்னை விடாது என்று தூணிலிருக்கும் பாவையே அவனிடம் சொல்லிவிடுகிறது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அந்த நாவலில் உண்மையாகவே ஒரு கோளாறு இருக்கிறது. அதை நீங்கள் எவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அட்டை கவிழ்ந்திருந்தது. கதாநாயகி தூங்கும்போது அந்தப் பையன் ஜன்னலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் இல்லை, பல நாள். அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் அவள் சொல்லாமலே அவனுக்குத் தெரிகிறது. அவளுக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தையே காதலின் அறிகுறி என்று கதை சொல்லிவிடுகிறது. என் அறிக்கையின் இரண்டு பக்கமும் இதைப் பற்றித்தான்.

இந்தக் குறை தேவதூதனுக்கு மட்டும் சொந்தமானதன்று. 1980களில் வடிவியல் நோட்டுக்குள் வைத்து நான் படித்த மாத நாவல்களில் நாயகன் நாயகியின் கன்னத்தில் அறைவான். அடுத்த அத்தியாயத்தில் அவள் அவனுக்குக் காபி ஆற்றிக் கொடுப்பாள். சினிமாவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். பெண்ணின் பின்னால் பஸ் ஸ்டாண்டு வரை போகிறவனைத்தானே நாற்பது வருடமாகக் கைதட்டி வரவேற்றிருக்கிறோம்? அவனுக்கு இறக்கை முளைத்ததும் மட்டும் நமக்கு உறைக்கிறது.

சரி, பிள்ளைகளுக்கு இது தெரியவில்லையா? அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். அந்தப் புத்தகத்தின் கடைசி வெள்ளைத் தாளில் பதினோரு பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒன்பதுக்கு நேரே டிக். அதாவது, ஒன்பது பேர் படித்து முடித்துவிட்டார்கள். பத்தாவதாகப் படித்துக்கொண்டிருந்தவள்தான் மாட்டிக்கொண்டாள். புத்தகத்தின் சொந்தக்காரி அவள்தான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்று வைத்திருந்தாளாம். ஓரங்களில் பென்சில் எழுத்து. குறைந்தது நான்கு கையெழுத்துகள். ஜன்னல் காட்சி வரும் பக்கத்தில் ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "முதலில் ஜன்னலைச் சாத்து." அதற்குக் கீழே வேறொரு கை: "சாத்தினால் கதை நின்றுவிடும்." அதற்கும் கீழே, கொஞ்சம் அழுத்தி: "நிற்கட்டும்."

இன்னொரு இடத்தில் அவன், தான் ஆபத்தானவன் என்றும் தன்னிடமிருந்து அவள் விலகிப் போக வேண்டும் என்றும் வசனம் பேசுகிறான். ஓரத்தில்: "நீ போ. அது அவள் பள்ளிக்கூடம்." அவனுடைய வயது தெரியவரும் பக்கத்தில் ஒரு கணக்கே போட்டுக் கழித்து, "கொள்ளுத் தாத்தாவுக்குக் கொள்ளுத் தாத்தா" என்று எழுதி ஒரு கைத்தடி வரைந்திருந்தார்கள். முத்தக் காட்சியில் ஒரு இதயம். அதன்மேல் இன்னொருத்தி பெருக்கல் குறி. அதைச் சுற்றி மூன்றாமவள் ஒரு வட்டம் போட்டு, "அவரவர் விருப்பம்."

முப்பத்தோரு ஆண்டு தமிழ் வகுப்பு எடுத்தேன். நயம் பாராட்டுக என்று கேட்டு எத்தனையோ விடைத்தாள் திருத்தினேன். இப்படி ஒரு நயம் பாராட்டல் என் கைக்கு வந்ததில்லை. ஒன்பது பெண்கள், யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல், ஒரு கதையோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அதை ஒழுக்கக்கேட்டின் சாட்சிப் பொருளாக மேசையில் வைத்தோம்.

அறிக்கை எழுதுமுன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசினேன். திட்டுவேன் என்று நினைத்தாள். நான் ஜன்னல் காட்சியை எடுத்து, "இவனை உனக்கு எப்படிப் பிடிக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறதே" என்றேன். கொஞ்ச நேரம் மேசையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"எல்லோரும்தான் பார்க்கிறார்கள், மிஸ். இவன் பார்த்துவிட்டுப் போய் யாரிடமும் சொல்வதில்லை."

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

அவள் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவள் ஏறுவதை ஒரு மாமா பார்க்கிறார். இறங்குவதைக் கடைக்காரர் பார்க்கிறார். மாலையில் தாமதமானால் மண்டியிலிருக்கும் அப்பாவுக்கு அவள் வீடு போய்ச் சேருமுன்னே போன் போய்விடுகிறது. அண்ணன் அவளுடைய போனைப் பார்க்கிறான். நாம் பையைப் பார்க்கிறோம். இனி வாரா வாரம் பார்க்கப்போகிறோம். விழித்திருந்து பார்ப்பவர்கள் என்று அந்தப் பழைய நூல் இருநூறு பேரைத்தான் சொல்கிறது. கிருஷ்ணகிரியில் ஒரு பெண்பிள்ளைக்கு அதைவிட அதிகம். பார்வையில் ஊறி வளரும் ஒரு பெண்ணுக்கு, பார்ப்பவனே அவள் பக்கம் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கதை ஆசை காட்டுகிறது. அந்த ஆசையை நான் சரி என்று சொல்லவில்லை. அது எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

காதல் என்ற சொல் வந்ததும் உங்கள் முகங்கள் மாறியதைக் கவனித்தேன். அந்தப் பயத்தைக் கேலி செய்யமாட்டேன். 2012 நவம்பரில், தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம், சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தை முன்னிட்டு நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. அப்போது நான் பணியில் இருந்தேன். அடுத்த நாள் வகுப்பில் குறுந்தொகை நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பாட்டைப் பிள்ளைகள் எப்படிக் கேட்டார்கள் என்பதை எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. ஆகவே பெற்றவர்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். யார் யாரைக் கண்டு பயப்பட வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். அங்கே தீ வைத்தவர்கள் கையில் நாவல் எதுவும் இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மலைக்கிராமம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். செய்யுளை ஒருமுறை கேட்டால் போதும், திருப்பிச் சொல்வாள். பொங்கல் விடுமுறை முடிந்து வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நாளுக்கு ஒன்றாக "ஆ" போட்டுக்கொண்டே வந்தேன். மாதக் கடைசியில் சிவப்பு மையால் ஒரு கோடு. கல்யாணமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். அவளுக்குப் பதினான்கு வயது. அவள் எந்தத் தேவதூதனைப் பற்றியும் படித்ததில்லை. அவளைக் கெடுத்தது எந்தப் புத்தகம் என்று எந்தக் கழகமும் கூடிப் பேசவில்லை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இல் வந்தது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எல்லாப் பள்ளிச் சுவரிலும் இருக்கிறது. ஆனாலும் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை. பதினாறு வயதில் விருப்பத்தைப் பற்றி ஒரு பெண் படிப்பதைத் தடுக்க எடுக்கும் வேகத்தில் பாதியை, அவள் விருப்பத்தைக் கேட்காமல் நடப்பதைத் தடுக்க எடுக்கலாம்.

தேர்வு, நீட், நேரம் வீண் என்ற வாதத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெண் ஆங்கிலத்தில் வகுப்பில் முதலிடம். எதைப் படித்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

பழியில் ஒரு பங்கு என்னைப் போன்றவர்களுக்கும் உண்டு. அவளுக்குத் தமிழில் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? இரண்டு பீரோவில் ஒன்றில் தெனாலிராமன், பஞ்சதந்திரம், பரமார்த்த குரு. இன்னொன்றில் பெரியவர்களின் நாவல்கள், தலைவர்களின் வரலாறு, வழிகாட்டி நூல்கள். பன்னிரண்டு வயதில் முதல் பீரோ முடிந்துவிடுகிறது. இரண்டாவது பீரோவின் சாவி பதினெட்டு வயதில்தான் பொருந்துகிறது. நடுவில் ஆறு ஆண்டு, ஒரு மனுஷியின் வாழ்க்கையிலேயே அதிகம் கொந்தளிக்கும் ஆறு ஆண்டு, தமிழில் வெறும் தட்டாக இருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் இந்த வயதினருக்கென்று 1957இலேயே ஒரு தனிப் பிரிவை அமைத்தது. சீர்காழியில் பிறந்த நம் ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்து 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் வேண்டும் என்பது. பத்தாம் வகுப்புப் பெண்ணும் வாசகர்தான். காயசண்டிகையை அவள் மொழியில், அவள் வயதுக்கு, யாராவது ஒரு நாவலாக எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் நீட்டியிருப்பேன். அது வருமட்டும் கறுப்பு இறக்கைக்காரன் வந்துகொண்டுதான் இருப்பான், காகித அட்டை போட்டுக்கொண்டு.

பிள்ளைகள் எதையும் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுவார்கள் என்ற கவலை உங்களுக்கு இருந்தால், போன ஆண்டு தருமபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிச் சென்றதைச் சொல்கிறேன். நடுகற்கள் நம் இரு மாவட்டத்தின் சொத்து. மாடு கவரும் ஆகோள் பூசலில் மாட்டை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல். புலியோடு மோதி விழுந்தவனுக்குக் கல். அடுக்கடுக்காகச் செதுக்கிய கற்களின் அமைப்பை விளக்கினேன்: கீழே சண்டை, நடுவில் விழுந்த வீரனின் கையைப் பிடித்து இரு தேவமகளிர் வானுலகத்துக்குத் தூக்கிச் செல்வார்கள், உச்சியில் அவன் அங்கே போய்ச் சேர்ந்திருப்பான். ஒரு பெண் கேட்டாள்: "தூக்கிக்கொண்டு போகும்முன் வருகிறாயா என்று அவனிடம் கேட்டார்களா, மிஸ்?" எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் காத்திருந்தவளிடமும் யாரும் கேட்கவில்லை என்று இன்னொருத்தி சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னலைச் சாத்து என்று எழுதியது இவர்களில் யாரோ ஒருத்திதான். யார் என்று எனக்குக் கையெழுத்து தெரியும். சொல்லமாட்டேன்.

என் வேண்டுகோள்கள் பெரியவை இல்லை. பைச் சோதனையைக் கைவிடுங்கள். நூலகப் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள். என்னை வைத்துத்தான் நடத்த வேண்டும் என்று இல்லை, இளையவர் யாராவது கிடைத்தால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில், அம்மாக்களும் அப்பாக்களும் வாருங்கள். அந்த நாவலையும் மணிமேகலையின் காயசண்டிகைப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். ஆங்கிலம் வராதவர்களுக்கு உங்கள் மகள்களே கதை சொல்வார்கள், நன்றாகச் சொல்வார்கள். காபிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். மாம்பழக் காலத்தில் மண்டியை விட்டு வர முடியாத அப்பாக்களுக்கு ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

புத்தகம் இப்போது அலுவலக அறையில், இரும்பு பீரோவின் மேல்தட்டில், வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் இருக்கிறது. அதை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அவளுடையது. அவளுக்கு அடுத்து இன்னும் ஒரு பெயர் வரிசையில் காத்திருக்கிறது. 212ஆம் பக்கத்தின் மேல்மூலையை அவள் மடித்து வைத்திருக்கிறாள். கொடுக்கும்முன் யாரும் அந்த மடிப்பை நீவிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தமிழ் மிஸ்
பழையபேட்டை